ஈகிள் ஃபோர்டு ஷேல்: காமா உச்சத்தை நம்பிப் படிவு எல்லை குறிக்கலாமா?

கேள்வி:
டெக்சாஸின் எண்ணெய் தரும் ஈகிள் ஃபோர்டு ஷேல் பாறையில், காமா லாக் (கிணற்றில் பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கும் பதிவு) உச்சம் காட்டும் இடங்களை எல்லாம் கடல் அதிகபட்சம் ஏறிய பரப்பு என்று குறித்தேன். பக்கத்துக் கிணற்றோடு பொருந்தவே மாட்டேன் என்கிறது. கோர் (முழுதாக வெட்டியெடுத்த பாறைத் தண்டு) இல்லை, கட்டிங்ஸ் (துளையிடும்போது மேலே வரும் பாறைத் துகள்கள்) மட்டும்தான். எங்கே தப்பு?

பதில் 1:
மொத்த காமாவைப் பார்க்காதீர்கள், யுரேனியம், தோரியம் எனப் பிரித்துப் பாருங்கள். கரிமம் சேர்ந்த இடத்தில் யுரேனியம் ஏறும். எரிமலைச் சாம்பல் படிந்த இடத்தில் தோரியம் ஏறும். ஈகிள் ஃபோர்டில் சாம்பல் அடுக்குகள் ஏராளம். அவை கடல்மட்டத்தைச் சொல்லாது. ஆனால் கிணறுகளை இணைக்க அவற்றைவிட நல்ல கோடு கிடைக்காது.

பதில் 2:
வயதைப் புதைபடிவத்தால் கட்டுங்கள் சார். கட்டிங்ஸில் மேலிருந்து உதிர்ந்த துகள் கலப்பதால், ஓர் இனம் தோன்றிய மட்டம் ஏமாற்றும். அழிந்த மட்டத்தைப் பிடியுங்கள். ரோட்டாலிபோரா குஷ்மானி (ஃபோராம் எனும் ஓடுள்ள நுண்ணுயிரி), ஹெலேனியா கயாஸ்டியா (அதைவிடச் சிறிய நானோ படிவம்) இரண்டும் செனோமேனியன் என்ற புவிக்காலத்தின் முடிவருகே மறைபவை. பிடிசி பிட் (செயற்கை வைரம் பதித்த துளைமுனை) ஃபோராம்களை மாவாக்கிவிடும், நானோ படிவங்கள் தப்பும். துளையிடப் பயன்படுத்திய எண்ணெய்ச் சேற்றை நன்றாகக் கழுவிவிட்டு, பல்குச்சி நுனியளவு பொடியை ஒரு சொட்டு நீரில் கரைத்து ஸ்லைடில் மெல்லியதாகத் தேயுங்கள். காய்ந்ததும் 1000 மடங்கில், குறுக்குத் துருவ ஒளியில் பாருங்கள்.

பதில் 3:
மிதவை ஃபோராம் நிறைய, கடலடி ஃபோராம் அறவே இல்லை என்றால் அடியில் ஆக்சிஜன் குறைந்திருந்தது, கரிமம் தங்கியிருக்கும். செனோமேனியன்-டூரோனியன் எல்லை நிகழ்வு (அந்த இரு காலங்களின் எல்லையில் கடல்களில் ஆக்சிஜன் குறைந்தது) பிரபலம் என்பதற்காகக் கிடைமட்டக் கிணற்றை அங்கே இறக்காதீர்கள். இங்கே கரிமம் செழித்தது அதற்கும் முந்தைய கீழ் ஈகிள் ஃபோர்டில்தான்.