மூன்று பேரும் முதலாளி என்றால் வேலையாள் யாரைக் கேட்பது?

குடும்பத் தொழிலில் ஆட்கள் ஏன் நிலைப்பதில்லை என்பது பற்றிக் குமரி மாவட்டத்தின் மூன்று ஊர்களிலிருந்து மூவர் எழுதியவை.

கருங்கல்

எங்களுடையது அப்பா தொடங்கிய அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிப் பருப்பு ஆலை. அப்பா, அண்ணன், நான் என மூன்று பேரும் அங்கேயே இருக்கிறோம். குடும்பத் தொழிலில் ஆட்கள் நிலைப்பதில்லை என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். கூலி மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. தோல் உரிக்கும் பகுதியை வெகுகாலமாகக் கவனித்துவரும் அக்கா ஒருவர் வேலையை விடப் போவதாகச் சொன்னார். அவர் சொன்ன காரணம் வேறு.

காலையில் அப்பா வந்து, "மெதுவாகச் செய்தாலும் சரி, பருப்பு உடையக் கூடாது" என்பார். சற்று நேரத்தில் அண்ணன் வந்து, "சரக்கு நாளைக்கு லாரி ஏற வேண்டும், சீக்கிரம்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். டபிள்யூ 320 என்ற முந்திரித் தரம் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு; இரண்டாகப் பிளந்த பருப்பு அந்த விலைக்குப் போகாது. ஆனால் பெண்களுக்குக் கூலி கிலோ கணக்கில். நிதானமாக உரித்தால் கூலி குறையும், வேகமாக உரித்தால் ஏச்சு விழும். "மூன்று பேரும் முதலாளிதான் மக்களே, நான் யார் சொல்வதைக் கேட்பது?" என்று அந்த அக்கா கேட்டார்.

அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து பொறுப்பைப் பிரித்தோம். தரம் அப்பாவுடையது. சரக்கு போகும் தேதி அண்ணனுடையது. அவசரம் என்றால் அவர் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும், அக்காவிடம் அல்ல. கூலி, விடுப்பு, முன்பணம் என்னிடம். மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அப்பாவே இதைச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

பிறகு ஒரு பெண் மகள் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்டு நேராக வீட்டுக்கே வந்தார். அப்பாவின் கை வழக்கம்போலச் சட்டைப் பைக்குப் போனது. எடுக்காமல், "சின்னவனிடம் கேள்" என்றார். அன்றே கொடுத்தேன், அந்தப் பெண்ணின் நோட்டிலும் என் நோட்டிலும் எழுதிவைத்து. வேலையை விடப் போவதாகச் சொன்ன அக்கா இன்றும் எங்களோடு இருக்கிறார்.

நாகர்கோவில்

எங்கள் ஜவுளிக் கடையில் சிக்கல் உறவினரால் வந்தது. அத்தை மகன் நினைத்த நேரத்துக்கு வந்து கல்லாவில் உட்காருவான். விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்து கிறிஸ்துமஸ் வரை மூச்சுவிட நேரமிருக்காது. இரவில் கால் வீங்கித்தான் வீட்டுக்குப் போவார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தம் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. ஸ்டூல் வாங்கிப் போட்டேன். "ஆள் வரும்போது உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதையா?" என்றார் அத்தை. "ஆள் வந்தால் எழுந்துவிடுவார்கள் அத்தை, இல்லாதபோது எதற்கு நிற்க வேண்டும்?" என்றேன்.

வருகைப் பதிவேட்டில் அத்தை மகன் பெயரையும் சேர்த்தோம். தாமதமாக வந்தால் அவனுக்கும் சம்பளப் பிடித்தம் உண்டு. அத்தை கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடையில் முணுமுணுப்பு நின்றது.

தக்கலை

நான் முதலாளி அல்ல, ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவன். "நீ எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று முதலாளி சொல்வது வெறும் பேச்சில்லை. என் மனைவியின் பிரசவச் செலவை அவரே கட்டினார். ஆனால் சுமை தூக்குகிறவர் மூட்டையோடு விழுந்து இடுப்பில் அடிபட்டபோது, வாய் திறந்து கேட்க அவருக்குக் கூச்சம். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்திருந்தால் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்டினால் போதும். கணக்குப் போட்டு முதலாளியின் மூத்த மருமகளிடம் காட்டினேன். அவர்தான் மாமனாரிடம் பேசிப் பதிவு செய்யவைத்தார். பதிவு பற்றி யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததை எழுதுகிறேன்.