ஜாஸ் இசைத்தட்டுகளில் பெயர் அந்தாதி: புனைபெயரும் கணக்கில் சேருமா?

இரவுத்தட்டு:

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இரு நண்பர்களும் ஜாஸ் கேட்கக் கூடும்போது ஒரு விளையாட்டு ஆடுவது வழக்கம். ஒருவர் ஓர் இசைத்தட்டைச் சொன்னால், அதில் வாசித்த கலைஞர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வேறொரு தட்டுக்குப் போக வேண்டும். ஒன்றின் முடிவு மற்றொன்றின் தொடக்கமாவதால் இதற்கு அந்தாதி என்றே பெயர் சூட்டிவிட்டோம்.

சென்ற வாரம் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கில் தொடங்கி பியானோக் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனிடம் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டதில் இரண்டு வழக்குகள் எழுந்தன. புனைபெயரில் வாசித்த தட்டு செல்லுமா என்பது ஒன்று. 1953ஆம் ஆண்டு டொராண்டோவின் மாஸி ஹாலில் நடந்த கச்சேரியின் தட்டில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர், வேறு இசைத்தட்டு நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் காரணமாக, 'சார்லி சான்' என்ற பெயரில்தான் இடம்பெற்றார். ஒருவரை நினைத்து இயற்றப்பட்ட பாடல், அதில் அவர் வாசிக்காதபோதும், அவரோடு இணைப்பாகுமா என்பது மற்றொன்று. உங்கள் தீர்ப்பையும், இருவரையும் இணைக்கும் வழியையும் அறிய விரும்புகிறேன்.

பாஸ்பிரியன்:

புனைபெயர் கட்டாயம் செல்ல வேண்டும். அதைத் தள்ளினால் நீங்கள் தொடங்கிய லெஸ்டர் யங்கின் முதல் பதிவுக்கே சிக்கல் வந்துவிடும். 1936ஆம் ஆண்டு சிகாகோவில் பியானோக் கலைஞரும் இசைக்குழுத் தலைவருமான கவுண்ட் பேஸியோடு அவர் பதிவு செய்த 'லேடி பி குட்' பேஸியின் பெயரில் வெளிவரவில்லை. பேஸி ஏற்கெனவே டெக்கா நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்ததால், டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ், டிரம்பெட் வாசித்த கார்ல் ஸ்மித் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்' என்று அச்சிட்டார்கள். உறையில் இருப்பதை மட்டும் நம்பினால், பேஸியின் பியானோவுக்குப் பின் லெஸ்டர் இரண்டு சுற்று வாசிக்கும் அந்த அற்புதத்தில் பேஸி இல்லவே இல்லை என்றாகிவிடும்.

வழியையும் சொல்கிறேன். 1946இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த 'ஜாஸ் அட் தி பில்ஹார்மனிக்' கச்சேரியில் லெஸ்டரும் பார்க்கரும் ஒரே மேடையில் இருந்தார்கள், அங்கும் 'லேடி பி குட்' வாசிக்கப்பட்டது. இளம்வயதில் லெஸ்டரின் தட்டுகளைப் போட்டுப் போட்டு மனப்பாடம் செய்தவர் பார்க்கர். தாம் கற்ற பாடத்தை ஆசான் பக்கத்தில் நிற்கும்போதே அவர் முழுவதும் தம் குரலில் சொல்வதைக் கேட்கையில் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. பார்க்கரிடமிருந்து 1945ஆம் ஆண்டின் 'நவ்ஸ் தி டைம்' வழியாக, அப்போது 19 வயதேயான டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸிடம் வரலாம். அதே நாளில் பதிவான 'கோ கோ'வில் டிரம்பெட் டிஸ்ஸி கில்லெஸ்பியினுடையது, ஆகவே அதைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். மைல்ஸிடமிருந்து 1959ஆம் ஆண்டின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஜான் கோல்ட்ரேனிடம் கொண்டுசேர்க்கும். 1966இல் வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் பதிவான தட்டில் அவரோடு ஆலிஸ் பியானோ வாசிக்கிறார். மொத்தம் நான்கே தட்டுகள்.

மூலைஸ்பீக்கர்:

நான்கு தட்டு வழியை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நினைவுப் பாடல்களை இணைப்பாகக் கொள்வது ஆட்டத்தைத் தளர்த்திவிடும் என்பதே என் கருத்து. லெஸ்டர் 1959 மார்ச்சில் மறைந்த இரண்டு மாதங்களுக்குள் சார்லஸ் மிங்கஸ் பதிவு செய்த 'குட்பை போர்க் பை ஹாட்' அவருடைய தொப்பியின் பெயரைத் தாங்கியது. அதில் லெஸ்டரின் நினைவு ஒவ்வொரு சுரத்திலும் இருக்கிறது, ஆனால் அவருடைய மூச்சு இல்லை. இந்த விளையாட்டின் அருமையே இரண்டு பேர் ஓர் அறையில் நின்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள் என்பதில்தானே இருக்கிறது?

பெயர் ஒளிந்திருக்கும் பாடல்களுக்குத் தனிச் சுற்று வையுங்கள். சன்னி ராலின்ஸின் 'ஐரெஜின்' என்பதை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து படித்தால் நைஜீரியா வரும். பில் எவான்ஸின் 'ரீ: பர்சன் ஐ நியூ' என்ற தலைப்பின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் அவருடைய தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸின் பெயர் கிடைக்கும்.

பழைய ஊசி:

ஐரெஜினை மாலைமாற்று என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். இருபுறமும் ஒன்றாகவே படிக்கப்படுவதுதான் மாலைமாற்று, இது வெறும் திருப்பிப்போட்ட சொல்.

ஒரே பெயருடையவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஹாங்க், தாட், எல்வின் என்னும் மூன்று ஜோன்ஸ்களும் உடன்பிறந்தோர், ஆனால் ஜோ ஜோன்ஸும் ஃபில்லி ஜோ ஜோன்ஸும் அந்தக் குடும்பத்தினர் அல்லர். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் பியானோக் கலைஞரான பில் எவான்ஸ் வேறு, 1980களில் மைல்ஸோடு சாக்ஸபோன் வாசித்த பில் எவான்ஸ் வேறு. இருவருமே மைல்ஸோடு வாசித்தவர்கள் என்பதால், அவசரத்தில் பெயரைச் சொல்லுபவர் இருபது ஆண்டுகளைத் தாவிவிடுவார்.

இரவுத்தட்டு:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு 1936ஆம் ஆண்டின் 'லேடி பி குட்'டையும் 1946ஆம் ஆண்டினுடையதையும் அடுத்தடுத்துக் கேட்டேன். புனைபெயர் செல்லும், நினைவுப் பாடல் செல்லாது என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவருக்கு மட்டும் வருத்தம். 1971இல் வெளிவந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வின் தலைப்பில் ஆலிஸ் தம் குருவின் பெயரைச் சூட்டியிருப்பதாலும், அந்தக் குரு கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் பிறந்தவர் என்பதாலும், ஆட்டத்தை நம் ஊர்ப்பக்கம் கொண்டுவந்து முடிக்கலாம் என்று அவர் ஆசைப்பட்டிருந்தார். அவருக்காக அடுத்த ஞாயிறு அந்தத் தட்டிலிருந்தே தொடங்குகிறோம். அதில் சாக்ஸபோன் வாசிக்கும் ஃபாரோ சாண்டர்ஸைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய் பேஸியை அடைய வேண்டும்.