டெக்சாஸில் பி.எட். இல்லாமல் கணக்கு ஆசிரியராக முடியுமா?

கேள்வி: இந்தியாவில் கணிதப் பட்டம், அப்புறம் மென்பொருள் வேலை, இப்போது டெக்சாஸ் அரசுப் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்க ஆசை. திரும்பக் கல்லூரிக்குப் போகாமல் வழி உண்டா?

பதில் 1: உண்டு. மாற்றுவழி ஆசிரியர் சான்றிதழ் திட்டம் ஒன்றில் சேருங்கள், அதாவது பட்டம் பெற்றவர்கள் பி.எட். இல்லாமலே ஆசிரியர் உரிமம் வாங்கும் வழி. பொதுவாக ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.5, கணிதத்தில் 15 கிரெடிட் (கல்லூரிப் பாட நேர அலகு) கேட்பார்கள், கிரெடிட் குறைந்தால் பாடத் தேர்வை முதலிலேயே எழுதித் தேறிக் காட்டலாம். தொடக்கப் பயிற்சியும் பாடத் தேர்வும் முடிந்து, பள்ளியும் வேலைக்கு எடுத்துக்கொண்டால் ஒரு வருட இன்டர்ன் சான்றிதழ் (தற்காலிக ஆசிரியர் உரிமம்) கிடைக்கும், சம்பளம் வாங்கிக்கொண்டே மிச்சப் பயிற்சி.

பதில் 2: அதற்கு முன்னால் இந்திய மதிப்பெண் பட்டியலை அமெரிக்க மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், அதுதான் நாள் இழுக்கும். கைரேகைச் சோதனையும் உண்டு.

பதில் 3: கட்டணம் மலிவு என்று மட்டும் பார்த்துச் சேராதீர்கள். வகுப்புக்கே வந்து பார்த்துத் திருத்தும் வழிகாட்டி எப்படி என்று கேளுங்கள். நியூ ஜெர்சி என்றால் தேர்வே வேறு, பிராக்சிஸ்.