புதுப்பிப்பு: டிராவில் முடிந்த அந்த யானை ஆட்டம்

போன வாரம் எழுதியிருந்தேன்: சதுரங்கப் போட்டியின் நான்காம் சுற்று, எனக்கு வெள்ளை, ஒரு சிப்பாய் கூடுதல், 58 நகர்வுகளில் டிரா. கடைசியில் சிப்பாயை ஆறாம் வரிசைக்குத் தள்ளியதுதான் தவறா என்று கேட்டிருந்தேன்.

இல்லை. அப்போது பலகையில் 5 காய்கள்தான்: இரண்டு ராஜா, ஆளுக்கு ஒரு யானை, என் சிப்பாய். ஏழு காய்கள் வரை முடிவைத் துல்லியமாகச் சொல்லும் டேபிள்பேஸ் என்ற கணினித் தரவுத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். எதை ஆடியிருந்தாலும் டிராதான். எதிராளி ஆடியது பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777-லேயே விளக்கிய தற்காப்பு. கறுப்பு ராஜா சிப்பாய்க்கு எதிரே நிற்கும். கறுப்பு யானை ஆறாம் வரிசையைக் காத்து வெள்ளை ராஜாவை ஏறவிடாது. சிப்பாய் ஆறுக்கு வந்ததும் யானை முதல் வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் மேல் செக் வைக்கும். வெள்ளை ராஜா ஒதுங்க வேண்டிய கட்டத்தில் அதன் சிப்பாயே நிற்கிறதே! எத்தனை அழகான யோசனை. அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

உண்மையான பிழை 41-ஆம் நகர்வில். பலகையின் இரு பக்கமும் சிப்பாய்கள் இருந்தன, அவர் யானை ஓரத்தில் முடங்கிக் கிடந்தது. கடிகாரத்தில் 6 நிமிடம்தான் மிச்சம் என்ற பதற்றத்தில் இரண்டு ஜோடி சிப்பாய்களை வெட்டிக்கொண்டேன். முன்னிலையில் இருப்பவர் பெரிய காய்களை மாற்றலாம், சிப்பாய்களை மாற்றக் கூடாது. தெரிந்தும் செய்தேன். அங்கேதான் தனக்கு மூச்சு வந்தது என்று அவரே சொன்னார்.

ஒரே நிலை மூன்று முறை திரும்ப வந்ததால்தான் டிராவா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, நான்தான் டிரா கேட்டேன். ஆளுக்கு அரைப் புள்ளி.

அந்த 41-ஆம் நகர்வு நிலையிலிருந்து, நிறம் மாற்றி, இருவரும் மறுபடி ஆடப் போகிறோம்.