தீம்: வட கலிஃபோர்னியாவில் கிளமத் ஆற்றங்கரையில் வாழும் கரூக் பழங்குடியினரின் மொழியில் 'ஓரம்'. இந்தச் சொல்லோடு உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்காரி
கிளமத் ஆற்றுப் பக்கம் போய் வந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் 96ஆம் நெடுஞ்சாலை, சோம்ஸ் பார் எல்லாம் விளக்கவில்லை. கோடை முடியும் நேரம், இஷி பிஷி அருவி. பாறைமேல் ஒரு பெரியவர் இரண்டு நீளக் கழிகளுக்கு நடுவே கட்டிய வலையைச் சுழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். அவர்களின் உரிமை அது, கரூக் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே அப்படித்தான் சால்மன் பிடிக்கிறார்கள். நான் வலையைப் பார்த்தபடியே இரண்டடி முன்னே வைத்தேன். அவர் திரும்பவே இல்லை. "தீம்" என்றார். ஒரே சொல். குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, கால் நின்றுவிட்டது. பாறை அங்கே ஈரமாகப் பளபளத்தது, அதற்கு அப்புறம் பாறையே இல்லை, வெள்ளை நுரைதான்.

வலையைத் தூக்கிவிட்டு வந்து ஆங்கிலத்தில் சொன்னார். தீம் என்றால் ஓரம். பக்கத்தில் இருக்கும் கதிம்ஈன் ஊரின் பெயருக்குள்ளேயே அது இருக்கிறதாம்: ஆற்றின் மேல்பக்கத்து ஓர அருவி. அவர்கள் உலகத்தின் நடு என்று கருதும் இடத்தின் பெயரில் ஓரம்!

நம் ஊரில் "ஓரமா போ" என்றால் பத்திரமான பக்கம் போ என்று அர்த்தம். வண்டி வரும், நடுவில் நிற்காதே, அவ்வளவுதான். அங்கே அதே சொல் 'இதோடு நில்' என்று வந்து விழுந்தது. இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் யாராவது அன்றாடப் பேச்சில் இதைக் கேட்டிருக்கிறீர்களா? எதற்கெல்லாம் சொல்கிறார்கள்?

பொருநைப்பிள்ளை
அக்கா, நான் ஹேப்பி கேம்ப் வரைதான் போயிருக்கிறேன். கடையில் ஒருவர் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னபோது எனக்குக் 'கதிமீன்' என்றே கேட்டது. மீன் பிடிக்கும் இடத்துக்கு மீன் என்று பெயர்! உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா? நம்மவர்கள் கடலோடிகள், யோசித்துப் பாருங்கள்.

சொல்லேர்
தம்பி, ஒதுக்கித்தான் ஆகவேண்டும். அது 'ம்' தனி, 'ஈன்' தனி. இடையில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி இருக்கிறது, நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. ஈன் என்பது அருவி. சால்மனுக்கு அவர்கள் சொல்வது ஆம. கரூக்குக்கு நெருங்கிய உறவுமொழி என்று உறுதியாகச் சொல்ல எதுவுமே இல்லை. அதைத் தமிழோடு முடிச்சுப் போட்டால் அந்த மக்களுக்கும் நியாயமில்லை, தமிழுக்கும் பெருமையில்லை.

உண்மையான தொடர்பு வேண்டுமானால் ஒன்று இருக்கிறது. கரூக் இலக்கணத்தை எழுதிய வில்லியம் பிரைட் 1949இல் அந்த ஆற்றங்கரைக்குப் போனவர். முதியவர்களிடம் ஓயாமல் சொல் கேட்டுக்கொண்டே இருந்ததால் 'குட்டிச் சொல்கேட்பான்' என்ற பொருளில் அவருக்குக் கரூக்கிலேயே பெயர் வைத்தார்கள். இலக்கணம் 1957இல் வந்தது. அதே ஆள்தான் இந்தியா வந்து 1958இல் கன்னடப் பேச்சுமொழி பற்றிப் புத்தகம் போட்டார். அப்புறம் ஏ.கே. ராமானுஜனோடு சேர்ந்து தமிழ், துளுவில் சாதிக்குச் சாதி பேச்சு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். சூசன் கேரோடு அவர் தொகுத்த கரூக் அகராதி 2005இல் வந்தது, மறு ஆண்டு காலமானார்.

என் அனுபவம் அந்த அகராதியோடுதான். பெர்க்லி பல்கலைக்கழகத் தளத்தில் சொல்லைத் தட்டினால் அது வரும் கதைகளும் சில இடங்களில் முதியவர்களின் குரலும் வரும். ஒரு ராத்திரி தீம் தேடினேன். தனியாக நின்றால் நெடில், கதிம்ஈனுக்குள் போனால் குறிலாகச் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் வேறொன்றோடு ஒட்டிக்கொண்டே வரும். இஷ்கேஷ் என்றால் ஆறு, அதோடு சேர்ந்தால் ஆற்றோரம். எதன் ஓரம் என்பதும் சேர்ந்தேதான் வருகிறது. நமக்கோ கரை, விளிம்பு, ஓரம், நுனி, முனை என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறோம். சேலைக்கும் கரை, ஆற்றுக்கும் கரை, ஆனால் தட்டுக்கு விளிம்பு.

காட்டுவழி
வைகைக்காரி அக்கா, ஓரம் என்றாலே ஆபத்து என்பதுபோல் முடித்துவிட்டீர்களே. அதை நான் ஏற்கவில்லை. அதே ஆற்றங்கரை ஊரான ஆர்லீன்ஸ் பக்கம் கட்டுப்பாட்டுத் தீ வைக்கும் பயிற்சிக்குப் போயிருந்தேன். எரித்த நிலமும் எரிக்காத காடும் தொடும் இடத்தில், கையில் டிரிப் டார்ச்சோடு, அதாவது எரியும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் குவளையோடு, நின்றேன். கூட வந்த கூடை பின்னும் பாட்டி, முன்பு எரித்த ஒரு துண்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். கூடைக்குக் குச்சி தரும் ஹேசல் புதர் கிளையே விடாமல் நேர்நேராகக் குச்சி விட்டிருந்தது. ஒன்றைக் கட்டைவிரலால் அடியிலிருந்து நுனிவரை தடவினார், கணு எங்கும் தட்டவில்லை. அடியில் ஒரு மடக்கு, 'டப்' என்று முறிந்து வந்தது. தோலை உரித்து வெள்ளைக் குச்சியை என் கையில் வைத்தார், வழவழவென்று ஈரமாக இருந்தது.

தீ வைக்காவிட்டால் புதர் கிழடு தட்டிக் கோணல் குச்சிதான் வரும். இந்தத் தீயைத்தான் அரசு ஒரு நூற்றாண்டாகத் தடுத்தது. விறகு சேர்ந்து சேர்ந்து 2020இல் ஸ்லேட்டர் என்ற காட்டுத்தீ வந்து ஹேப்பி கேம்ப் பக்கம் ஏறத்தாழ 200 வீடுகளைத் தின்றது. தீம் என்ற சொல்லை அன்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டி வேலை செய்ததெல்லாம் ஓரத்தில்தான். சாலையோரம், ஓடையோரம், எரிந்த நிலத்தின் ஓரம்.

நீர்மட்டம்
கிளமத் ஆற்றில் இருந்த அயர்ன் கேட் அணையை எடுத்த வருஷம் அங்கே இருந்தேன். 2024 ஜனவரியில் நீரை இறக்கினார்கள். பழைய நீர்த்தேக்கத்தின் ஓரம் மலைச்சரிவில் கோடு போட்டதுபோல் தெரிந்தது. மேலே புல், கீழே வெடித்த சேறு. ஒரு பையன் தோளில் பை மாட்டி அந்தச் சேற்றில் உள்ளூர்ச் செடிகளின் விதையை வீசிக்கொண்டே நடந்தான். அக்டோபரிலேயே சால்மன் அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி மேலே ஓரிகான் மாநிலம் வரை போய்விட்டது. கரூக் மக்களின் ஓரம் அன்று நகர்ந்தது என்றுதான் சொல்வேன்.

தாமரைக்குளம்
நீர்மட்டம், ஒரு திருத்தம். அயர்ன் கேட் இருந்த இடம் ஷாஸ்தா என்ற வேறொரு பழங்குடி மக்களின் நிலம். கரூக் நிலம் அதற்குக் கீழே, செயாட் பள்ளத்தாக்குப் பக்கம் தொடங்கி ப்ளஃப் க்ரீக் பக்கம் வரை. அணையை எடுக்கக் கரூக் மக்கள் இருபது வருஷத்துக்கு மேல் போராடினார்கள், அதில் மறுப்பே இல்லை. அதற்காக அடுத்தவர் நிலத்தை அவர்கள் பெயரில் எழுதிவிடக்கூடாது. நிலம் பறிபோனவர்கள் விஷயத்தில் இதில் கவனம் வேண்டும்.

என் அனுபவம் சின்னது. ஆர்லீன்ஸில் ஒரு வீட்டில் சாப்பிட்டேன். உப்பைக் கேட்ட பாட்டியிடம் பேத்தி "யூருக்" என்றாள், பாட்டியின் கை நேராக உப்புக்குப் போனது. அவ்வளவுதான்.

இனி போகப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தீம் கற்கும் முன் திசையைக் கற்றுக்கொள்ளுங்கள். காருக் என்றால் ஆற்றின் மேல்பக்கம், யூருக் கீழ்ப்பக்கம், மாருக் மலையேறும் பக்கம், சாருக் ஆற்றுக்கு இறங்கும் பக்கம். இடம், வலம் என்று நாம் சொல்லும் பல இடத்தில் அவர்கள் மொழி இந்த நான்கைக் கேட்கும், வீட்டுக்குள்ளும்கூட. கரூக் என்ற பெயரே மேல்பக்கத்தைக் குறிப்பதுதான். கீழே வாழும் யூரோக் மக்களின் பெயரும் இந்த யூருக்கிலிருந்து வந்தது. நமக்கு இது புரியாத விஷயமில்லை, கீழிலிருந்து கிழக்கும் மேலிலிருந்து மேற்கும் வந்த மொழி நம்முடையது. ஆற்றைப் பார்க்காமல் அங்கே எந்த ஓரமும் சொல்ல முடியாது, அதனால் போனவுடன் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

அப்புறம், உலகைச் சீர்செய்யும் பிக்யாவிஷ் சடங்கு நடக்கும் நாட்களில் கதிம்ஈன் பக்கம் போகாதீர்கள். மற்ற நாளிலும் வலை போடுபவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். கூடை வாங்கினால் பின்னியவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். குச்சி பொறுக்குவதிலிருந்து ஆரம்பித்தால் அதில் எவ்வளவு வேலை என்று காட்டுவழி எழுதியதைப் படித்தாலே தெரியும். சொல் கேட்டால் பொறுமையாகக் கேளுங்கள். சிறுவயதிலிருந்தே இந்த மொழி பேசி வளர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சினார்கள். இப்போது பேசுகிறவர்களில் பலர் பாட்டி, தாத்தாவிடம் உட்கார்ந்து, வளர்ந்தபின் கற்றுக்கொண்டவர்கள். அவர்களைச் சோதித்துப் பார்ப்பதுபோல் கேள்வி கேட்காதீர்கள். நன்றி சொல்ல யோத்வ.

பொருநைப்பிள்ளை
சொல்லேர் அண்ணே, ஈன் விஷயம் சரி, எடுத்துக்கொண்டேன். ஆனால் கேட்டவுடன் சிலிர்த்தது பொய்யில்லை. அந்தக் குரல் பதிவு எந்தச் சொல்லுக்குக் கீழே இருக்கிறது?

சொல்லேர்
எல்லாச் சொல்லுக்கும் இருக்காது தம்பி. முதலில் ஆறு, சால்மன், வீடு என்று அன்றாடச் சொற்களைத் தேடு. குரல் இருக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் குறி இருக்கும். காதில் ஹெட்போன் போட்டுக் கேள், அந்தத் தொண்டை அடைப்பு அப்போதுதான் பிடிபடும்.

வைகைக்காரி
காட்டுவழி, நீங்கள் சொன்னது சரிதான், அந்தப் பெரியவரும் நாள் முழுக்க ஓரத்தில் நின்றுதான் வலை போட்டார். என்னைத்தான் நிறுத்தினார். தாமரைக்குளம், அந்த உப்பு எந்தப் பக்கம் இருந்தது? மேஜை ஆற்றுக்கு இணையாகவா, குறுக்காகவா?

தாமரைக்குளம்
இணையாக. ஆறு ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. உப்பு அது ஓடிப்போகும் பக்கத்து முனையில்.