வீணைச் சாரணியில் நாதம் நீடிக்கவில்லை, முழு மேளமும் மாற்ற வேண்டுமா?

அரசலாற்றங்கரை:
கும்பகோணத்தில் இருக்கிறோம். என் மாமியார் வாசித்த தஞ்சாவூர் வீணை, பலா மரம், ஒட்டு வீணை (பகுதிகளைத் தனித்தனியே செய்து இணைத்தது). இப்போது மகள் கற்றுக்கொள்கிறாள். ஐப்பசி மழைக்குப் பிறகு சாரணியை, அதாவது வாசிக்கிற முதல் தந்தியை, மீட்டினால் சத்தம் உடனே அமுங்கிவிடுகிறது, மேல் ஸ்தாயிக்குப் போகப் போக இன்னும் மோசம், ஒரு கமகம் இழுத்து முடிப்பதற்குள் நாதமே இருப்பதில்லை. தந்தி புதுசு, போன மாதம்தான் மாற்றியது. பார்க்க வந்தவர் 24 மெட்டையும் (தந்தியை அழுத்தி வாசிக்கிற குறுக்குக் கம்பிகள்) எடுத்துப் புதிதாக மேளம் கட்ட வேண்டும், அதாவது எல்லாவற்றையும் மறுபடி மெழுகில் பதிக்க வேண்டும் என்கிறார். மெழுகில் விரிசல் எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய வேலை தேவையா?

திருவையாற்று வீணை:
அக்கா, அவசரப்பட்டு மேளத்தில் கை வைக்க விடாதீர்கள். மெழுகைக் காய்ச்சிப் பிடித்து ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு நிறுத்துகிற வேலை அது, நன்றாக இருப்பதைக் கலைத்துவிட்டால் அதே இடம் திரும்பக் கிடைப்பது கட்டுகிறவர் கையைப் பொறுத்தது. முதலில் எந்த மெட்டையும் அழுத்தாமல் சாரணியை வெறுமனே மீட்டுங்கள். அதிலேயே நாதம் அமுங்கினால் பெரும்பாலும் கோளாறு மெட்டில் இல்லை. வெறும் தந்தி கணீரென்று ஒலித்து ஒன்றிரண்டு ஸ்வரத்தில் மட்டும் செத்துப்போனால் அந்த மெட்டுக்கு அடியில் மெழுகு விட்டிருக்கும், இல்லையென்றால் அடுத்த மெட்டு தூக்கிக்கொண்டு தந்தியில் உரசும். அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

அப்புறம் தாளத் தந்திகளையும் (தாளத்துக்கு மீட்டுகிற மூன்று பக்கத் தந்திகள்) தனியாக மீட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். குதிரை என்பது தந்திகளைத் தாங்கும் பாலம்; மற்றத் தந்திகள் மரக் குதிரை மேல் போக, இவை பக்கவாட்டுப் பித்தளைக் குதிரை மேல் போகின்றன, அதனால் அந்த வித்தியாசம் முக்கியம்.

நாகூர்க்காரன்:
குடத்தின் மேல்பலகையில் ஒட்டு மைக் ஏதாவது இருக்கிறதா? அதை ஒட்டுகிற பசை கொஞ்சம் அதிகமானாலே பலகை ஊமையாகிவிடும். சுருதியைக் குறைத்திருந்தாலும் சொல்லுங்கள், மெல்லிய தந்தி தளர்ந்தால் நாதம் நீடிக்காது.

அரசலாற்றங்கரை:
மைக் இல்லை, சுருதியும் பழையதுதான். வெறும் சாரணியே மந்தமாக இருக்கிறது, அடுத்த பஞ்சமத் தந்தியும் கொஞ்சம். தாளத் தந்தி மூன்றும் கணீரென்று இருக்கின்றன. ஒன்று சொல்ல வேண்டும், தந்தி மாற்றும்போது ஏழையும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள்.

திருவையாற்று வீணை:
அப்படியானால் குதிரையைத்தான் பார்க்க வேண்டும். மரக் குதிரையின் தலையில் ஒரு உலோகத் தகடு இருக்கும், மெழுகிலோ அரக்கிலோ பதித்திருப்பார்கள். அந்தப் பிடிமானம் ஓர் ஓரத்தில் விட்டால்கூட தந்தியின் அதிர்வு பலகைக்கு இறங்காது. சாரணிப் பக்கம் தகட்டுக்கு அடியில் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் விட்டுவிட்டது என்று அர்த்தம். தகட்டின் மேல் தந்தி அறுத்த கோடு ஆழமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மேல்பரப்பின் மெல்லிய வளைவில்தான் வீணையின் நாதமே இருக்கிறது, தயவுசெய்து வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஏழு தந்தியும் போனால் குதிரையை அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை, அது நகர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. 12-ஆவது மெட்டில் மேல் ஸட்ஜம் வெறும் தந்தியோடு சேருகிறதா? சேராவிட்டால், பலகையில் குதிரைக் கால் இருந்த பழைய தடம் தெரியும், அதோடு ஒப்பிடுங்கள். குதிரை நகர்ந்தால் எல்லா மெட்டும் தப்பாகக் கேட்கும், உடனே மேளம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

அரசலாற்றங்கரை:
காகிதம் உள்ளே போகிறது! சாரணிக்கு நேர் கீழே, நகத்தளவு. மேல் ஸட்ஜம் சேருகிறது.

திருவையாற்று வீணை:
அப்போது குதிரை இடத்தில்தான் இருக்கிறது, தகடு மட்டும்தான் வேலை. தஞ்சாவூருக்கு எடுத்துப் போய், தகட்டை மறுபடி பதித்து வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். தந்தியைக் கழற்றும் முன் குதிரைக் கால்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். மேளத்தைப் பற்றி, தகடு பதித்து முழுதாக வாசித்துக் கேட்ட பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் அக்கா.