சிமுலேஷன் ஆய்வில் மாணவர் குழுக்கள் வேலையைப் பிரித்துக்கொள்வது எப்படி?

கேள்வி (இயற்பியல் ஆசிரியை, கானாடுகாத்தான்)
பதினோராம் வகுப்பின் தனி ஊசல் பாடத்துக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேஷனை, அதாவது ஊசலைத் திரையில் ஆட்டிப் பார்க்கும் கணினி மாதிரியை, பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் நால்வர் குழுக்களாகச் செய்யவைக்கிறேன். வேலைப் பங்கீட்டை மாணவர்களிடமே விட்டால், மௌஸைப் பிடித்தவர் சோதனையையும் முடிவையும் தம் வசம் எடுத்துக்கொள்கிறார். ஒருவர் அட்டவணை எழுத, மற்ற இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள். பொறுப்புகளை நானே வகுத்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது, விவாதம் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1 (கல்வியியல் விரிவுரையாளர், தேவகோட்டை)
அம்மா, நம் செட்டிநாட்டுப் பக்கத்தார் பர்மாவில் நடத்திய கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மேலிருந்து கீழாக இருந்த வரிசையைத்தான் உங்கள் மாணவர்கள் தாமாக அமைத்துக்கொள்கிறார்கள். கடைக்கு அது பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது. அறிவியல் ஆய்வு என்பது கருதுகோள்களைத் தேடுவதும் சோதனைகளைத் தேடுவதுமாகிய இரட்டைத் தேடல் என்று உளவியலாளர்கள் கிளார், டன்பார் ஆகிய இருவரும் 1988 இல் விளக்கினர். நீங்கள் கொடுக்கும் பொறுப்புகள் பெரும்பாலும் கைவேலையைப் பிரிக்கின்றன. கருதுகோள் யாருடைய பொறுப்பும் ஆவதில்லை. சிமுலேஷனின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் நால்வரும் தத்தம் கணிப்பைத் தனித்தனியே எழுதட்டும். கணிப்புகள் முரண்பட்டால் பேச்சு தானே பிறக்கும்.

பதில் 2 (பொறியியல் மாணவி, காரைக்குடி)
எங்கள் குழுவில் மௌஸைப் பிடிப்பவர் தம் யோசனையைச் செயல்படுத்தக் கூடாது, மற்றவர் காரணத்துடன் சொல்வதை மட்டுமே செய்ய வேண்டும் என்று நாங்களே விதி வைத்துக்கொண்டோம். ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்போம். தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும்.

பதில் 3 (ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளத்தூர்)
இவை நல்ல விதிகள்தான், ஆனால் கேள்வியே ஒருவரால் முடிக்கக்கூடியதாக இருந்தால் எந்த விதியும் நிற்காது. நீளம் ஒருவருக்கு, நிறை ஒருவருக்கு, ஈர்ப்பு ஒருவருக்கு என்று மாறிகளைப் பிரித்துக் கொடுப்பதையும் பரிந்துரைக்க மாட்டேன். நிறை மாறினால் அலைவு நேரம் (ஊசல் ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம்) மாறாது என்று ஒருவர் கண்டுவிடுவார், ஆனால் அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது நீளத்துக்கும் ஈர்ப்பு முடுக்கத்துக்கும் உள்ள விகிதம் என்பது எவர் கண்ணிலும் படாமல் போகும்.

ஆகவே குழுவை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஓர் இணைக்குப் பூமியையும் மற்றதற்கு நிலாவையும் கொடுங்கள். பூமியில் 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. நிலாவிலும் அதே நேரம் வர நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை, சோதிப்பதற்கு முன்பே இரு இணைகளும் சேர்ந்து கணிக்க வேண்டும். நிலாவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு என்பதால், விடையும் ஏறக்குறைய 0.17 மீட்டர், அதாவது ஆறில் ஒரு பங்கு. எதிரணியின் அளவீடு இல்லாமல் தன் விடையைச் சரிபார்க்க முடியாத நிலையில், யாரும் சொல்லாமலே ஒருவர் மற்றவரிடம் போய் நிற்பார்.

ஆசிரியை
நன்றி ஐயா. வேலையைப் பிரிப்பதிலேயே கவனமாக இருந்தேன், கேள்வியை மாற்ற நினைக்கவில்லை. உராய்வு இரு பக்கமும் சுழியாக இருந்தால் போதுமா?

பதில் 3 (தொடர்ச்சி)
தொடக்கக் கோணத்தையும் இரு கணினிகளிலும் சிறிதாக, ஒன்றாகவே வைக்கச் சொல்லுங்கள்; கோணம் பெரிதானால் அலைவு நேரமும் சற்றுக் கூடும். அதை முதலிலேயே சொல்லிவிடாமல், விடை பொருந்தாத குழு தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டாலும் நல்லதுதான், பாடவேளை இடம் கொடுத்தால்.